72 கிலோ என்று எழுதியிருந்தது

அம்மா இன்னமும் அரிவாள்மனையில்தான் காய் நறுக்குவார். கத்தியும் பலகையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். "அதுல நறுக்குனா கை ஓட மாட்டேங்குது" என்று ஒதுக்கிவிட்டார். போன ஆவணியில் ஒரு நாள் காலை, வாழைப்பூ ஆய்ந்து முடித்தவர் தரையிலிருந்து எழவில்லை. வலி இல்லை, விழவும் இல்லை. எழ முடியவில்லை, அவ்வளவுதான். யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டில் வயதுக்குத் தகுந்த தேய்மானம்தான் என்றார். அப்புறம் அம்மாவின் தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இங்க சதையே இல்லையே சார். தினம் நடக்கிறாங்கன்னு சொல்றீங்க, நல்லதுதான். ஆனா நடை மட்டும் பத்தாது. கால் தசைக்கு எடை கொடுங்க" என்றார்.

அம்மாவுக்கு 71. எனக்கு 46, மூன்று மாத சர்க்கரை சராசரி 6.2-ல் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. பையனுக்கு 17, அவன் கவலை எல்லாம் புஜம். மூன்று பேரும் தெருமுனை ஜிம்முக்குப் போவது நடக்காத காரியம். அங்கே ஓடும் பாட்டுச் சத்தத்துக்கே அம்மா திரும்பி வந்துவிடுவார். ஆக, வீட்டிலேயே ஒரு மெஷின். எல்லாப் பயிற்சியும் ஒரே சட்டத்தில் அடங்கிய 'மல்ட்டி ஜிம்'. பத்துக்குப் பத்து அறை ஒன்று சும்மா கிடக்கிறது, போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் படித்ததும், அளந்ததும், ஏமாந்ததும்தான் இந்தக் குறிப்பு.

கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி. 60 விதப் பயிற்சிகள், சின்னச் சின்னப் படங்களாக. அதன் மேலே கொட்டை எழுத்தில் 72 கிலோ. இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் பெரும்பாலும் எல்லாரும் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். 60-ஐ இப்போதே தள்ளிவிடலாம்: கைப்பிடியை மேல்பக்கமாகப் பிடித்தால் ஒன்று, கீழ்ப்பக்கமாகப் பிடித்தால் இன்னொன்று என்று எண்ணிய கணக்கு அது. மனித உடம்பு தள்ளும், இழுக்கும், உட்கார்ந்து எழும், குனிந்து நிமிரும். மற்றதெல்லாம் இவற்றின் கிளைகள். 72 என்பதுதான் சுவாரஸ்யமான எண்.

எது 72?

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு மேலே ஒரு சக்கரத்தில் ஏறி இறங்குகிறது. வாளி 10 கிலோ என்றால் நீங்கள் இழுப்பதும் 10 கிலோ. சக்கரம் திசையை மட்டும்தான் மாற்றுகிறது. இப்போது வேறு மாதிரி செய்வோம். கயிற்றின் ஒரு முனையை மேலே உத்திரத்தில் கட்டிவிட்டு, வாளியின் பிடியிலேயே ஒரு சக்கரத்தை மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைக் கொண்டுவந்து இழுத்தால் என்ன ஆகும்? வாளியை இரண்டு பக்கக் கயிறு தாங்குகிறது. ஒரு பக்கத்தை உத்திரம் பிடித்திருக்கிறது, மறு பக்கத்தை நீங்கள். உங்கள் பங்கு 5 கிலோ. இலவசமாக இல்லை, வாளி ஓர் அடி உயர நீங்கள் இரண்டு அடி இழுக்க வேண்டும்.

மல்ட்டி ஜிம் என்பது இந்த இரண்டு ராட்டினங்களும் நெம்புகோலும் கலந்த ஒரு சிக்கல். நட்டநடுவே தட்டுகளின் அடுக்கு; என்னுடையதில் 6 கிலோத் தட்டுகள் பன்னிரண்டு. ஆணியை எந்தத் துளையில் செருகுகிறோமோ அதுவரை உள்ள தட்டுகள் மேலே வரும். அந்த அடுக்கிலிருந்து கிளம்பும் கேபிள் எத்தனை கப்பிகளைச் சுற்றி, எந்த நெம்புகோலில் போய் முடிகிறது என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு இடத்திலும் கைக்கு வந்து சேரும் எடை வேறு. தட்டில் எழுதியிருப்பது தட்டின் எடை. உங்கள் தோளுக்கு வருவது இன்னொன்று. சில கம்பெனிகள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இதற்கென்றே ஓர் அட்டவணை போடுகின்றன: இத்தனை தட்டு வைத்தால் மேல் இழுப்பில் இவ்வளவு, மார்புத் தள்ளலில் இவ்வளவு, கால் நீட்டலில் இவ்வளவு என்று. வாங்குமுன் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். என்னுடைய கையேட்டில் அந்தப் பக்கமே கிடையாது.

அதனால் நானே அளந்தேன். விமானத்துக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்க்கிறோமே, கொக்கி வைத்த கைத்தராசு, அது போதும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு கேபிள் முனையில் தராசை மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும், ஒரே வேகத்தில். இழுக்கும்போது ஓர் எண், மெதுவாக விடும்போது ஓர் எண். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது தட்டில் ஆணி, அதாவது 30 கிலோ. மேல் கப்பியில் இழுக்கும்போது 33, விடும்போது 27. சரி, பரவாயில்லை. அதே 30-ஐக் கீழ்க் கப்பியில் அளந்தால் இழுக்கும்போது 37, விடும்போது 24! கீழ் முனைக்குப் போகும் கேபிள் இன்னும் நான்கு கப்பிகளைச் சுற்றிப் போகிறது. ஒவ்வொன்றும் உராய்வில் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிர்த்திசையில்தானே வேலை செய்யும். தூக்கும்போது உங்களுக்கு எதிரி, இறக்கும்போது உங்களுக்குக் கூட்டாளி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இறக்கும் பாதியும் பயிற்சிதான். உராய்வு மிகுந்த மெஷின் அந்தப் பாதியைத் திருடிவிடும். மார்புத் தள்ளலுக்குத் தராசை மாட்டக் கயிறு கட்டிப் பையனைப் பின்னால் நிற்க வைக்க வேண்டியிருந்தது. அங்கே அதே 30 கிலோ 40-க்குப் பக்கத்தில் காட்டியது. நெம்புகோலில் கேபிள் மாட்டிய இடத்தைவிடக் கைப்பிடி அச்சுக்குக் கிட்டே இருப்பதால் வந்த வினை.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா இது, ஜிம்மா, கிணத்து ராட்டினமா?" என்றார். ராட்டினம்தாம்மா என்றேன்.

கடையிலேயே தராசோடு போய் நிற்பது கொஞ்சம் சங்கடம்தான். (நான் இரண்டாவது முறை ஒரு நண்பருக்காகப் போனபோது நின்றேன். கடைக்காரர் முறைத்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.) தராசு இல்லாவிட்டாலும் ஒரு சோதனை செய்யலாம். ஆணியை முதல் தட்டில் வைத்து, மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். தட்டு தயங்கித் தயங்கி, திக்கித் திக்கி இறங்கினால் வேண்டாம். மணிக்குண்டு பேரிங் வைத்த கப்பிகள் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் புஷ் வைத்தவை முனகும்.

இரண்டு அடுக்குகள் தனித்தனியாக வைத்த 'ஃபங்ஷனல் டிரெய்னர்' வகை வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் பெரும்பாலும் மேலே சொன்ன இரண்டாவது ராட்டினக் கணக்கு. பக்கத்துக்கு 90 கிலோ என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது 45. அது மோசடி இல்லை. கேபிளை அறையின் மறுகோடிவரை இழுத்து விதவிதமாகப் பயன்படுத்த அந்த நீளம் தேவை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வில்லும் விண்வெளியும்

ஒரே சட்டத்தில் பல பயிற்சி என்ற யோசனை புதிதில்லை. கலிஃபோர்னியாவில் ஹெரால்ட் ஸிங்கின் 1957-ல் 'யுனிவர்சல்' மெஷினைக் கொண்டுவந்தார். அடுக்குத் தட்டு, ஆணி, பலர் ஒரே சமயத்தில் பயிற்சி செய்யும் பெரிய சட்டம். 1970-ல் ஆர்தர் ஜோன்ஸின் 'நாட்டிலஸ்' வந்தது. அதில் வட்டமான கப்பிக்குப் பதிலாக, சங்கு மாதிரி சுருண்ட ஒரு சக்கரம். கை மடங்க மடங்கத் தசையின் வலு மாறுகிறது, அதற்கேற்ப எடையும் மாற வேண்டும் என்பது அவர் யோசனை. பெயரே அந்தக் கடல்வாழ் உயிரியின் ஓட்டிலிருந்து வந்ததுதான்.

இவையெல்லாம் இரும்பு. வீட்டுக்குள் வர எடை குறைய வேண்டும். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்கா போன டோஷோ ஷிஃபெராவ் என்பவர் உருவாக்கிய 'போஃப்ளெக்ஸ்' 1980களில் சந்தைக்கு வந்தது. தட்டே இல்லை, வளையும் கம்பிகள். வில் நாணை இழுப்பது போல. பெயரிலேயே வில் இருக்கிறது. மடித்து வைக்கலாம், சத்தம் கிடையாது, மாடி ஏற்றுவது சுலபம். ஆனால் வில்லின் குணம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் லேசாக இருக்கும், இழுக்க இழுக்கக் கனக்கும். தள்ளும் பயிற்சிகளுக்கு இது ஒத்துவரும், ஏனென்றால் கை நீளும்போதுதான் நமக்கு வலு அதிகம். இழுக்கும் பயிற்சிகளுக்கு நேர்மாறு. கை உடம்பை நெருங்கும்போது வலு குறைகிறது, அந்த இடத்தில்தான் வில் உச்சத்தில் நிற்கிறது. ரப்பர் பட்டைகளுக்கும் இதே கதைதான். இரும்புத் தட்டுக்கு இந்தக் குணம் இல்லை. மெதுவாகச் செய்தால் முதலிலும் முடிவிலும் அதே கனம்.

உலகிலேயே, தப்பு, உலகத்துக்கு வெளியே உள்ள ஆல்-இன்-ஒன் ஜிம் ஒன்று இந்த விஷயத்தை எனக்குப் புரிய வைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் எடை என்பதே கிடையாது. இரும்புத் தட்டைக் கொண்டுபோய் ஒரு பயனும் இல்லை. அங்கே இருப்பவர்களின் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை அடர்த்தி இழக்கும். அதைத் தடுக்க 2000-ல் ரப்பர் போன்ற பொருளை முறுக்கி எதிர்விசை தரும் ஒரு கருவியை அனுப்பினார்கள். அதிகபட்சம் சுமார் 136 கிலோ. எல்லாப் பயிற்சியும் செய்ய முடிந்தது. எலும்போ குறைந்துகொண்டேதான் போனது. 2008-ல் வேறு கருவி போனது. இரண்டு வெற்றிட உருளைகள், இழுத்தால் சைக்கிள் பம்ப்பைத் தலைகீழாக இழுப்பது போன்ற எதிர்ப்பு, அசைவு முழுக்கச் சீரான விசை, அதிகபட்சம் 272 கிலோ. இதைப் பயன்படுத்தி, போதிய அளவு சாப்பிட்டு, வைட்டமின் டி-யும் குறையாமல் பார்த்துக்கொண்ட விண்வெளி வீரர்கள் எலும்பைப் பெருமளவு தக்கவைத்துக்கொண்டார்கள் என்று 2012-ல் ஆய்வு வெளிவந்தது.

பயிற்சிகளின் பட்டியல் ஏறக்குறைய அதேதான். மாறியது சுமை.

இதைப் படித்துவிட்டு 72 கிலோ பற்றாதோ என்று பையன் கவலைப்பட்டான். கை, மார்பு, முதுகுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பயிற்சியில் இருந்த 49 ஆண்களை 12 வாரம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்குக் கனமான எடை, 8 முதல் 12 முறை. மறு பாதிக்கு லேசான எடை, 20 முதல் 25 முறை. இரண்டு குழுவும் இனி முடியாது என்ற இடம்வரை. தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. மார்புத் தள்ளலில் தூக்கும் உச்ச எடை மட்டும் கனக் குழுவுக்குக் கூடுதலாக ஏறியது. 2016-ல் வெளிவந்த ஆய்வு இது. ஆக, எடை குறைவு என்றால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். கால்தான் விதிவிலக்கு, தினமும் உடம்பையே சுமக்கும் தொடைக்கு இந்த மெஷின் தருவது கொசுக்கடி. பையன் கால் பயிற்சிக்கு முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் படி ஏறுகிறான். அந்தப் பை எத்தனை கிலோ என்று பிளஸ் டூ பிள்ளை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

முதல் தட்டு

எனக்கு உண்மையில் இடித்தது 72 அல்ல. 6.

அம்மா கால் நீட்டும் இருக்கையில் உட்கார்ந்தார். முதல் தட்டு, 6 கிலோ. பத்து முறை தூக்கினார், சிரித்தார். இரண்டு வாரத்தில் பதினைந்து முறை. நல்லது, அடுத்த தட்டுக்குப் போகலாம் என்று ஆணியை ஒரு துளை இறக்கினேன். 12 கிலோ. மூன்றாவது முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "போதும்பா" என்றார்.

யோசித்துப் பாருங்கள். நான் 48-லிருந்து 54-க்குப் போனால் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. அம்மாவுக்கு 6-லிருந்து 12 என்றால் இரண்டு மடங்கு. அதே ஒரு தட்டுதான். மெஷின் எங்களுக்கிடையே வித்தியாசம் பார்க்கவில்லை, நானும் வாங்கும்போது பார்க்கவில்லை. வீட்டில் உள்ளவர்களில் யாருக்கு வலு குறைவோ அவரை வைத்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். முதல் தட்டு எவ்வளவு? ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி? இந்த இரண்டு கேள்வியை நான் கேட்கவே இல்லை. தட்டே வைக்காமல் வெறும் நெம்புகோலை அசைக்க எவ்வளவு வேண்டும் என்பது மூன்றாவது.

வயதானவர்களுக்கு லேசாகக் கையைக் காலை ஆட்டினால் போதும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அவரவர் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம், வாரம் மூன்று நாள், எட்டு வாரம், கால் நீட்டல். ஒன்பது பேர் முடித்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடுத்தொடையின் தசைப் பரப்பு 9 சதவீதம். தொண்ணூறு வயதில்! பயிற்சியை நிறுத்திவிட்டு நான்கு வாரம் கழித்து அளந்தபோது உச்ச வலுவில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது 80 சதவீதம். மற்றவர் கண்ணுக்குச் சின்ன எடை, தூக்குபவருக்குக் கனம். அந்தக் கனத்தைத் தொட்டுக்கொண்டே போக வேண்டுமானால் படிகள் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் முழங்கால் உயரம் இருந்தால் பையன் தாவுவான், அம்மா கீழேயே நிற்பார்.

எங்கள் தீர்வு ரொம்ப எளிமை. கணுக்காலில் கட்டும் மணல் பட்டை, ஒரு கிலோ அளவில் நான்கு வாங்கினேன். அடுக்கின் மேல் தட்டில் கம்பிகளுக்குத் தட்டாமல் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டால் 7, 8, 9, 10. இறுக்கி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சும்மா மேலே வைத்தால் நடுவில் நழுவி அடுக்கில் சிக்கும். ஆறு வாரத்தில் அம்மா 10-ஐ எட்டினார். பன்னிரண்டுக்குப் போனபோது அது இரண்டு மடங்காக இல்லை.

அறை

விளம்பரத்தில் போட்டிருக்கும் நீள அகலம் மெஷின் நிற்கும் இடம். நீங்கள் பயன்படுத்தும் இடம் வேறு. என்னுடையது ஒன்றரை மீட்டருக்கு ஒரு மீட்டர். ஆனால் கால் நீட்ட முன்னால் இரண்டடி, கீழ்க் கப்பியில் தரையில் உட்கார்ந்து துடுப்பு போட நான்கடி, மேல் இழுப்புக் கம்பியின் அகலமே நான்கடி. பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டி, கையை விரித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் பீரோ ஒன்று இருந்தால் கணக்கு இடிக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் லாஃப்ட். ஏழடியில், அதாவது 213 சென்டிமீட்டரில் சிமென்ட் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். மெஷின் 208. அடங்கிவிடும் என்று அந்த மூலையில் நிறுத்தினோம். மேல் கப்பியின் போல்ட்டை முறுக்க ஸ்பேனர் நுழையவில்லை. கழற்றி, நகர்த்தி, மறுபடி மாட்டுவதற்குள் வந்த மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. அந்த அவசரத்தில் கேபிளை ஒரு கப்பியின் பள்ளத்தில் ஏற்றாமல் விளிம்பில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து உறையில் நீளமாகக் கீறல். கடைக்குப் போன் செய்தால், நாங்கள் தப்பாக இழுத்திருப்போம் என்றார்கள். கேபிள் என் செலவு. மெக்கானிக் இருக்கும்போதே கையேட்டின் கேபிள் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பியாகச் சரிபாருங்கள். அரைமணி நேரம் போகும், போகட்டும்.

மேலே தொங்கிப் பயிற்சி செய்யும் கம்பி உள்ள மாடல் என்றால் மின்விசிறியின் இறக்கையை நினைவில் வையுங்கள். தலை கம்பிக்கு மேலே போகும்.

மாடி வீட்டில் தளம் தாங்குமா என்று எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தர விதிகள் சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. முறையாகக் கட்டிய வீட்டில், 130 கிலோ மெஷினும் ஓர் ஆளும் ஒன்றரை, இரண்டு சதுர மீட்டரில் பரவியிருந்தால் பயமில்லை. தளத்துக்கு முன்னால் உடைவது டைல்ஸ்தான். தடித்த ரப்பர் விரிப்பு அவசியம். அது கீழ்வீட்டுக்காரருக்கும் நல்லது. தட்டு 'டங்' என்று விழும் ஒவ்வொரு முறையும் அவர் வீட்டு மேற்கூரையில் அது சுத்தியல். அப்படி விழுகிறதென்றால் நீங்கள் இறக்கவில்லை, போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

எப்படிச் செய்கிறோம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி சொல்கிறது. 65-க்கு மேல் என்றால் வாரம் மூன்று நாள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. அம்மாவுக்குச் செவ்வாயும் சனியும் மெஷின். நடுவில் ஒரு நாள் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. எனக்கு மூன்று நாள். சாப்பாட்டுச் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான் என்பதால், அந்த 6.2-க்கு இதுவும் ஒரு மருந்து என்று வைத்திருக்கிறேன்.

மேல் இழுப்பு, துடுப்பு, மார்புத் தள்ளல், கால் நீட்டல், கால் மடக்கல். ஐந்துதான். எட்டு முறை முடியும் எடையில் ஆரம்பித்து, பன்னிரண்டு முறை வந்ததும் ஒரு படி ஏற்றுகிறோம். ஒரு நோட்டில் எழுதி வைப்பது முக்கியம். போன வாரம் எந்தத் துளை என்பது மறந்துதான் போகும். கடைசி இரண்டு முறை கஷ்டப்பட வேண்டும். முகத்தைச் சுளிக்கலாம், மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதய நோய் உள்ளவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இந்த மெஷினில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கால் நீட்டல் முழங்காலை மட்டும் அசைக்கிறது. தரையிலிருந்து எழுவதற்கு இடுப்பு வேண்டும், பின்தொடை வேண்டும், எல்லாம் ஒன்றாக வேலை செய்யவும் வேண்டும். அதற்கு மெஷினில் இடமே இல்லை. அதனால் அம்மா பயிற்சியை முடித்ததும் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறார். முதலில் நாற்காலி மேல் இரண்டு தலையணை, அப்புறம் ஒன்று, அப்புறம் வெறும் நாற்காலி. இத்தனை ஆயிரம் செலவழித்த பிறகு வேலையில் சரிபாதியைத் தலையணை செய்கிறது என்று மனைவி சொல்லிக் காட்டுவது வழக்கம்.

புடவை முந்தானையும் கப்பியும் ஒத்துப்போகாது. அம்மா சுடிதாருக்கு மாற ஒரு மாதம் ஆனது. வீட்டுக்குக் குழந்தைகள் வரும்போது ஆணியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம். இருந்தாலும் வெறும் மேல் தட்டு ஆடும், விரல் நசுங்க அது போதும். கதவைச் சாத்துவதுதான் சரி.

திருவான்மியூர் கடற்காற்றில் எதுவும் துருப்பிடிக்கும். தட்டுகள் ஏறி இறங்கும் இரண்டு கம்பிகளையும் வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்து, மாதம் ஒரு முறை சிலிகான் ஸ்பிரே. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம், பத்து நாளில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசின் ஆகிவிட்டது. கேபிளை முனைகளில், கொக்கி மாட்டும் இடத்தில், விரலால் தடவிப் பாருங்கள். மேலுறை வெடித்து உள்ளே கம்பி தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும். மேல் இழுப்பில் கேபிள் அறுந்தால் கம்பி வந்து விழும் இடம் உங்கள் தலை. வாங்கும்போதே கேபிளின் நீளத்தையும் பருமனையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி இருக்குமோ இருக்காதோ, கேபிள் தேயும். போஃப்ளெக்ஸ் போன்ற பெரிய பெயரே 2024-ல் திவால் மனு போட்டு வேறு கம்பெனியின் கைக்குப் போனது. மோட்டாரும் திரையும் மாதச் சந்தாவும் வைத்துப் புதிதாக வரும் மெஷின்களில் ஒரு கிலோ கணக்கில் சுமையை ஏற்ற முடியும்; அம்மாவின் சிக்கலுக்கு அழகான தீர்வு. ஆனால் அந்தத் திரையின் பின்னால் இருக்கும் கம்பெனி போனால் தெருமுனை வெல்டிங் கடையில் சரிசெய்ய முடியாது. எனக்கு இரும்பே போதும் என்று பட்டது.

இது தை மாதம். அம்மா கால் நீட்டலில் 15-ல் இருக்கிறார். இரண்டு தட்டு, மூன்று மணல் பட்டை. அரிவாள்மனையை விடவில்லை. எழும்போது ஒரு கை முழங்காலில், ஒரு கை சுவரில். சுவரை விடச் சொன்னால், "அவசரப்படாத, அதுக்கும் ஒரு பட்டை கட்டு" என்கிறார். வாழைப்பூ மட்டும் இப்போது நான் ஆய்கிறேன். விரலெல்லாம் கறுப்பு, போகவே மாட்டேன் என்கிறது.